வெந்நீர் ஊற்றும் வெற்றிக் கோட்டையும்

நீருக்குத் தமிழர் இட்டு வழங்கும் பெயர் தண்ணீர். தண்மை நீரின் இயல்பு என்று கண்டே நம் முன்னோர் இப்பெயரை வைத்தனர். நீர் சுட வேண்டுமானால் அடுப்பு வேண்டும், விறகு வேண்டும், மூட்டுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். இவற்றில் ஒன்றுமின்றி நிலத்தின் வயிற்றிலிருந்து தானாகவே கொதித்து வரும் நீரைக் கண்ட மனிதன் திகைத்து நின்றதில் வியப்பில்லை. திகைத்தவன் ஒரு கதை சொன்னான். கதை பிறந்த இடத்தில் கோயில் எழுந்தது. கோயில் எழுந்த இடத்தில் திருவிழாவும் திரண்டது. அவ்வாறு நீரும் கதையும் வரலாறும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் ஓரிடத்தைப் பற்றி இன்று பேசுவோம். அவ்விடம் நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலேயே இருக்கிறது. அதன் வரலாறோ நம் புனே நகரத்தில் தொடங்குகிறது.

சையமலைத் தொடருக்கு மேற்கே, கடலுக்கும் மலைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் கொங்கணம். இந்நிலத்தின் நெடுகிலும், வடக்கே தாணே, பால்கர் மாவட்டங்கள் முதல் தெற்கே இரத்தினகிரி மாவட்டம் வரையில், வெந்நீர் ஊற்றுகள் ஒரு மாலையில் கோத்த மணிகளைப் போல வரிசையாய் அமைந்துள்ளன. பாலி என்னும் ஊரில் பல்லாளேசுவரப் பிள்ளையாரைத் தரிசிக்கச் செல்லும் புனே மக்கள் பலர், அருகிலுள்ள உன்ஹேரே ஊற்றிலும் நீராடித் திரும்புவது வழக்கம். கேட் வட்டத்தை அடுத்து உன்ஹவரே, இராஜாபூருக்கு அருகே உன்ஹாளே, சங்கமேசுவரத்துப் பக்கம் துரல், இராஜவாடி என்று ஊற்றுடைய ஊர்கள் பல. உன்ஹேரே, உன்ஹவரே, உன்ஹாளே என்னும் பெயர்களை உற்றுக் கேட்டால், மூன்றிலும் வெம்மையைக் குறிக்கும் மராட்டிச் சொல் ஒலிப்பதைக் காணலாம். ஊரின் பெயரே ஊற்றின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

இவ்வூற்றுகளுள் மிகுந்த புகழ் வாய்ந்தவை தாணே மாவட்டத்தில், தான்சா ஆற்றங்கரையில் உள்ள வஜ்ரேசுவரி, அக்லோலி, கணேசபுரி என்னும் மூன்று ஊர்களின் ஊற்றுகளே. ஆற்றங்கரையில் கருங்கல்லால் கட்டிய தொட்டிகளில் வெந்நீர் வந்து நிறைகிறது. சூரியன், சந்திரன், அக்கினி, வாயு, இராமன், சீதை, இலக்குவன் என்று அத்தொட்டிகளுக்குத் தெய்வப் பெயர்களை வைத்திருக்கின்றனர். சிலவற்றில் காலை வைக்க இயலாது. சிலவற்றில் கழுத்தளவு இறங்கி நிற்கலாம். கந்தக வாடை இலேசாக வீசும். உடல் வலியும் தோல் நோயும் தீரும் என்னும் நம்பிக்கையோடு வருவோர் நாள்தோறும் உண்டு.

இந்நீர் ஏன் சுடுகிறது? ஊர் மக்கள் சொல்லும் விடை இது: முன்னொரு காலத்தில் இப்பகுதியில் அரக்கர்கள் முனிவர்களின் வேள்வியைக் குலைத்து வந்தனர். வசிட்ட முனிவர் தேவியை வேண்டி ஒரு பெருவேள்வி செய்தார். அவ்வேள்வியில் தனக்கு உரிய அவிப்பாகம் கிடைக்கவில்லை என்று சினங்கொண்ட இந்திரன் தன் வச்சிராயுதத்தை எறிந்தான். அப்போது தேவி தோன்றி, பாய்ந்து வந்த வச்சிரத்தையே விழுங்கி முனிவர்களைக் காத்தாள், அரக்கர்களையும் அழித்தாள். வச்சிரத்தை விழுங்கியவள் ஆதலால் வஜ்ரேசுவரி என்னும் பெயர் பெற்றாள். அன்று மடிந்த அரக்கர்களின் சூடான குருதியே இன்றளவும் வெந்நீராய்ப் பெருகுகிறது என்பது மக்களின் கூற்று. பகைவனின் குருதியையும் நோய் தீர்க்கும் மருந்தாக்கிக் கொண்ட இக்கற்பனை நம் சிந்தனைக்கு உரியது.

புராணக் கதை இவ்வாறிருக்க, வஜ்ரேசுவரிக்கு வரலாற்றுக் கதை ஒன்றும் உண்டு. அதனை அறிய நாம் வசாய் என்னும் கடற்கரை நகரத்துக்குச் செல்ல வேண்டும். வஜ்ரேசுவரிக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வசாய், பழங்காலத்தில் ஒரு தீவாகவே இருந்தது. ஒடுங்கிய உப்பங்கழி ஒன்று அதனைப் பெருநிலத்தினின்று பிரித்தது. அதன் அண்டையில் உள்ளதே சோபாரா. சூர்ப்பாரகம் என்று பழைய நூல்கள் கூறும் இத்துறைமுகத்தில், 1882ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திரஜி என்னும் அறிஞர் பௌத்தத் தூபி ஒன்றை அகழ்ந்து கண்டார். அசோகரின் கல்வெட்டுத் துண்டுகளும் இங்கே கிடைத்துள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் வந்து சென்ற கரை இது.

1534ஆம் ஆண்டில் குசராத்தை ஆண்ட பகதூர் ஷா, உடன்படிக்கை ஒன்றின் மூலம் வசாயைப் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்தார். அவர்கள் அங்கே பத்துக் கொத்தளங்கள் கொண்ட பெருங்கோட்டையைக் கட்டினர். கோட்டைக்குள் மாளிகைகளும் மடங்களும் மாதா கோயில்களும் எழுந்தன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வசாய் அவர்களுடைய வடபுலத்துத் தலைநகராய் விளங்கிற்று. இந்நகரில் பிறந்த கொன்சாலோ கார்சியா என்பவர் ஜப்பானுக்குச் சென்று சமயத் தொண்டு புரிந்தார். 1597ஆம் ஆண்டில் நாகசாகி நகரில் சிலுவையில் அறையப்பட்டு உயிர் துறந்தார். 1862இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

செல்வம் செழித்த அந்நகரின் மறுபக்கமும் உண்டு. போர்ச்சுகீசியர் ஆட்சியில் இந்துக் கோயில்கள் பல இடிபட்டன. வழிபாட்டுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. வசாய், சாஷ்டிப் பகுதியின் மக்கள் தம் குறையைப் புனேயிலிருந்த பேஷ்வாவிடம் முறையிட்டனர். அக்காலத்தில் சனிவார் வாடாவில் இருந்து ஆட்சி செய்தவர் முதலாம் பாஜிராவ். அவர் தம் தம்பி சிமாஜி அப்பாவைக் கொங்கணத்துக்கு அனுப்பினார். 1737ஆம் ஆண்டில் தாணே வீழ்ந்தது. ஆனால் வசாய் வீழவில்லை. மூன்று பக்கம் கடலும் கழியும் காவல் செய்ய, ஒரு பக்கம் மட்டுமே தரையோடு தொடர்பு கொண்ட அக்கோட்டையை நெருங்குவது எளிதன்று.

1739ஆம் ஆண்டில் சிமாஜி அப்பாவே வந்து முற்றுகையை நடத்தினார். இப்பகுதியில் பாளையம் இறங்கியிருந்தபோது அவர் தேவியை நினைந்து வேண்டிக்கொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோட்டை கைக்கு வருமானால் கோட்டை போலவே உனக்கு ஒரு கோயில் எடுப்பேன் என்பது அவருடைய வேண்டுதல். வேண்டுதல் ஒருபுறம் இருக்க, வேலையும் நடந்தது. மராட்டியர் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டினர். வெடிமருந்தைத் திணித்துத் தீயிட்டனர். சில வெடிகள் தம் பக்கத்து வீரர்களையே மாய்த்தன. ஆயினும் மே மாதத்தில் மதில் பிளந்தது. மே 16ஆம் நாள் போர்ச்சுகீசியர் பணிந்தனர். படைக்கலங்களோடும் உடைமையோடும் வெளியேற அவர்களுக்கு ஒரு வாரத் தவணை அளிக்கப்பட்டது. தங்கிவிட விரும்பிய கிறித்தவர்கள் தம் சமயத்தைப் பின்பற்றி வாழலாம் என்றும் வாக்களிக்கப்பட்டது. வென்றவர் வெறிகொள்ளாமல் நின்ற அந்நாள், மராட்டிய வரலாற்றில் கோட்டையை வென்ற நாளைப் போலவே போற்றத்தக்கது.

சிமாஜி அப்பா தம் சொல்லைக் காத்தார். அவருடைய ஆணைப்படி எழுந்ததே இன்று நாம் காணும் வஜ்ரேசுவரி கோயில். மந்தாகினி என்னும் சிறு குன்றின்மேல், கற்சுவர் சூழ அமைந்துள்ள அதனைத் தொலைவிலிருந்து பார்ப்போர் கோட்டை என்றே எண்ணுவர். வாயிலின்மேல் நகரா முழக்கும் மாடம் உண்டு. ஏறிச் செல்ல 52 படிகள். ஒரு படியில் ஆமை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. திருமாலின் கூர்ம வடிவம் என்று அதனைத் தொட்டு வணங்கிச் செல்கின்றனர். கருவறையில் வஜ்ரேசுவரியோடு பரசுராமரின் தாயாகிய ரேணுகையும் காட்சியளிக்கிறாள். படைவீட்டு ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்தால், தம் ஊர்த் தாயைக் கண்ட மகிழ்ச்சி கொள்வர்.

வசாய் வெற்றியின் மற்றொரு சின்னம் மணி. கோட்டையின் மாதா கோயில்களிலிருந்த வெண்கல மணிகளை மராட்டியர் எடுத்துச் சென்று தம் கோயில்களில் கட்டினர். புனே மாவட்டத்தின் பீமாசங்கரத்துக்குச் செல்வோர் கோயிலின் முன்னே தொங்கும் பெரிய மணியைக் காணலாம். அதில் 1729 என்னும் ஆண்டும் சிலுவை வடிவும் பொறிக்கப்பட்டுள்ளன. வாயி நகரை அடுத்த மேணவலியிலும், நாசிக் நகரத்து நாரோசங்கர் கோயிலிலும் இவ்வாறான மணிகள் உள்ளன. எந்தக் கடவுளை அழைக்க வார்க்கப்பட்டதோ, எந்தக் கடவுளின் முன் இப்போது தொங்குகிறதோ, மணியின் ஓசையில் வேறுபாடில்லை.

வெற்றியின் விலை பெரிது. இருதரப்பிலும் மடிந்தவர் ஆயிரக்கணக்கானோர். பாஜிராவ் 1740 ஏப்ரல் மாதத்தில் காலமானார். அவ்வாண்டு முடியுமுன்னே சிமாஜி அப்பாவும் மறைந்தார். புனேயில் முடா ஆற்றங்கரையிலுள்ள ஓங்காரேசுவரர் கோயிலின் அருகே அவருடைய நினைவிடம் இருக்கிறது. நாள்தோறும் அவ்வழியே அலுவலகத்துக்கும் அங்காடிக்கும் செல்லும் நம்மவர்களுள் அங்கே ஒரு கணம் நின்றவர் எத்தனை பேர்?

வரலாறு இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு வெற்றிக் கதையாக மட்டும் முடிந்திருக்கும். ஆனால் அதே வசாய், 63 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு காட்சியையும் கண்டது. 1802ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், தீபாவளித் திருநாளில், புனேக்கு அருகே ஹடப்சரில் யசவந்தராவ் ஹோல்கர், சிந்தியாவும் பேஷ்வாவும் சேர்ந்த படையை முறியடித்தார். அப்போது பேஷ்வாவாக இருந்த இரண்டாம் பாஜிராவ் நகரைவிட்டு ஓடினார். கொங்கணத்துக்கு இறங்கி, கடல் வழியே வந்து, ஆங்கிலேயரின் பாதுகாப்பில் வசாயில் தங்கினார். டிசம்பர் 31ஆம் நாள் அங்கே ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஆங்கிலேயரின் காலாட்படை ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் தம் நாட்டில் தங்கலாம் என்றும், அதன் செலவுக்காக ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் வருவாயுள்ள நிலங்களை விட்டுக்கொடுப்பதாகவும், ஆங்கிலேயரைக் கேளாமல் பிறரோடு போரோ சமாதானமோ செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். சிமாஜி அப்பா குருதி சிந்தி வென்ற ஊரிலேயே, அவர் தமையனின் பேரன் மையைச் சிந்தித் தம் உரிமையை இழந்தார். பதினாறு ஆண்டுகளில், 1818இல், பேஷ்வாக்களின் ஆட்சியே மறைந்தது.

வேண்டிக்கொண்ட குன்றில் கோயில் இருக்கிறது; கையெழுத்திட்ட இடத்தை நாடிச் செல்வார் இல்லை. மக்களின் நினைவு வெற்றியை விளக்கேற்றி வைக்கிறது. தோல்வியை இருட்டில் விட்டுவிடுகிறது. வரலாறு கற்போர் இரண்டையும் ஒருசேர நோக்க வேண்டும். ஒற்றுமையால் பெற்ற ஊர், உட்பகையால் கைவிட்டுப் போயிற்று என்பதே வசாய் கற்பிக்கும் பாடம்.

இந்த உடன்படிக்கையோடு தமிழர்களாகிய நமக்கும் தொடர்பு உண்டு. பாஜிராவை மீண்டும் புனேயின் பீடத்தில் அமர்த்த 1803ஆம் ஆண்டில் படை நடத்தி வந்தவர், பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு என்று பெயர் பெற்ற ஆர்தர் வெல்லஸ்லி. அவர் நடத்தி வந்தது பெரும்பாலும் சென்னைப் படை. தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் அப்படையில் இருந்தனர். பின்னாளில் ஆங்கிலேயரின் பாளையம் புனேயில் நிலைபெற்றபோது, படையோடும் படைக்குப் பண்டம் வழங்கும் தொழிலோடும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. ஆகவே வசாயில் இடப்பட்ட அக்கையெழுத்து, மராட்டியரின் வரலாற்றில் ஒரு முடிவு. புனேத் தமிழரின் வரலாற்றில் ஒரு தொடக்கம். இதனை அறியும்போது பெருமையும் வருத்தமும் ஒருங்கே தோன்றுவது இயல்பே.

இனி மீண்டும் ஊற்றுக்கு வருவோம். வெந்நீரைக் கண்டு கதை சொன்னவர் கொங்கண மக்கள் மட்டும் அல்லர். இத்தாலி நாட்டில் நேப்பிள்ஸ் நகரத்துக்கு எதிரே இஸ்கியா என்னும் சிறு தீவு இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளுக்கு உலகப் புகழ் வாய்ந்த அத்தீவில், கிறித்து பிறப்பதற்கு முன் எட்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் குடியேறினர். தைப்போயசு என்னும் அரக்கனைக் கடவுளர் தலைவன் அத்தீவின் அடியில் புதைத்தான் என்றும், அவனுடைய மூச்சே நெருப்பாகவும் கண்ணீரே வெந்நீராகவும் வெளிப்படுகின்றன என்றும் அங்குள்ளோர் கதை கூறுவர். அங்கே நித்ரோதி என்னும் ஊற்றில், நீரணங்குகளுக்கு உரோமானியர் காணிக்கையாக வைத்த கற்பலகைகள் கிடைத்துள்ளன. அதனை அடுத்த புவோனோபானே ஊரார் கோலும் மரவாளும் தட்டி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. நம் கோலாட்டத்தைக் கண்டவர் அதனைப் பார்த்தால் அயலாகக் கருதமாட்டார்.

ஈழத்திலும் இதற்கு இணையான ஓரிடம் உண்டு. திருகோணமலைக்கு அருகே கன்னியா என்னுமிடத்தில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு உள்ளன. தாயை இழந்த இராவணன், அவளுக்கு இறுதிக் கடன் செய்யும்பொருட்டு நிலத்தைக் குத்தி இவ்வூற்றுகளை உண்டாக்கினான் என்று தமிழ் மக்கள் கூறுவர். அங்கே ஈமக்கடன் செய்யும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. கொங்கணத்தில் அரக்கரின் குருதி, இஸ்கியாவில் அரக்கனின் கண்ணீர், கன்னியாவிலோ அரக்கர் கோமானின் தாய்ப்பாசம்! மூன்று கடற்கரைகளில், மூன்று மொழிகளில், நிலத்தின் வெம்மைக்கு அரக்கரையே காரணமாக்கினர் மக்கள். அவர்களுள் அரக்கனுக்கும் ஒரு தாய் உண்டு என்று எண்ணிய நெஞ்சம் தமிழ் நெஞ்சம் என்பதில் நாம் மகிழலாம்.

அறிவியல் கூறும் விடை என்ன? இஸ்கியா ஓர் எரிமலைத் தீவு. அதன் அடியில் உருகிய பாறைக் குழம்பு இருக்கிறது. 1302ஆம் ஆண்டில் அங்கே எரிமலை வெடித்தது. 1883ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கம், காசமிச்சோலா என்னும் ஊற்று நகரத்தைத் தரைமட்டமாக்கி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2017இலும் அங்கே நிலம் நடுங்கிற்று. நோய் தீர்க்கும் வெம்மையும் உயிர் பறிக்கும் வெம்மையும் அங்கே ஒரே அடுப்பிலிருந்து வருகின்றன.

வஜ்ரேசுவரிக் குன்றையும் அவிந்த எரிமலை என்று சொல்வோர் உண்டு. கொங்கணத்தின் கருங்கற் பாறைகள் எரிமலைக் குழம்பால் ஆனவை என்பது மெய்யே. ஆனால் அக்குழம்பு பரவிய காலம் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அதன் சூடு ஆறி எத்தனையோ ஊழிகள் கழிந்துவிட்டன. இன்றைய வெம்மைக்குக் காரணம் வேறு. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழம் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுவது பொதுவான இயல்பு. அவ்வாறு ஆழத்தில் சூடேறிய நீர் வேறொரு பிளவின் வழியாக விரைந்து மேலே வருகிறது. வரும் வழியில் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. கொங்கணத்து ஊற்றுகள் 40 முதல் 70 டிகிரி வரை சூடு கொண்டிருப்பதும், பலவற்றின் நீர் உவர்ப்பதும் இதனாலேயே. மலையும் கடலோரமும் நெடுங்கோடாய் ஓடுவது போலவே பிளவுகளும் ஓடுவதால், ஊற்றுகளும் வரிசையாய் அமைந்தன.

இவ்விளக்கத்தை அறிந்த பின்னும் திருவிழா குறையவில்லை, குறையவும் வேண்டியதில்லை. சித்திரைத் தேய்பிறையில் வஜ்ரேசுவரியில் பெருஞ்சந்தையோடு விழா நடைபெறுகிறது. தேவி பல்லக்கில் எழுந்தருளுகிறாள். நவராத்திரியில் ஒன்பது நாளும் கூட்டம் நிறைகிறது. அண்மையிலுள்ள கணேசபுரியில் 1936 முதல் தங்கி, 1961 ஆகஸ்டு 8ஆம் நாள் சமாதியடைந்த நித்தியானந்த அடிகள் கேரளத்திலிருந்து வந்தவர். அவரை நாடித் தென்னாட்டு மக்கள் திரள்திரளாய் வந்தனர். அதனால் மராட்டிச் சிற்றூராகிய அதன் தெருவில் நம் மொழிகளும் ஒலிக்கின்றன.

வசாய், சாஷ்டிப் பகுதியின் பழங்கிறித்தவக் குடிகளிடையே நீரைப் போற்றும் வழக்கம் ஒன்று வாழ்கிறது. திருமணத்தின் முன்னாள் உறவினர் கூடி, வாத்தியம் முழங்கக் கிணற்றுக்குச் சென்று மணமக்கள் நீராடுவதற்கு நீர் கொண்டு வருவர். அதற்கு உம்பராச்சே பாணி, அதாவது அத்திமரத்து நீர், என்று பெயர். மங்கல நீர் சுமந்து வரும் நம் திருமண வீடுகளை அறிந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1739இல் மதிலின் இருபுறமும் நின்று போரிட்ட சமயங்கள், நீரின் முன்னே ஒரே வகையாய்த் தலைவணங்குகின்றன.

நேயர்களே! பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழ்வோர்க்கு ஒரு குறை எப்போதும் உண்டு. இங்குள்ள கோட்டையும் குன்றும் நம்முடையவை அல்ல என்னும் எண்ணமே அக்குறை. நம் குழந்தைகள் பள்ளியில் பேஷ்வாக்களின் வரலாற்றை மராட்டியில் படிக்கின்றனர். வீட்டில் நாம் சோழர் வரலாற்றைத் தமிழில் சொல்கிறோம். இரண்டும் கலவாத இரு கிணறுகள் போல் நிற்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் குழந்தைகளை வஜ்ரேசுவரிக்கும் வசாய்க்கும் அழைத்துச் செல்லுங்கள். சிமாஜி அப்பாவின் வேண்டுதலைச் சொல்லுங்கள்; பாஜிராவின் கையெழுத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்; கன்னியாவின் ஏழு கிணறுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூடு மிகுந்த தொட்டிகளில் இறங்காமல் காக்கவும், ஊற்றில் குப்பை எறியாதிருக்கவும் கற்பியுங்கள். எங்கோ பெய்த மழை, எவரும் அறியாத ஆழத்தில் நெடுங்காலம் நடந்து, முற்றிலும் வேறான ஓரிடத்தில் வெளிப்பட்டு, அங்கு வந்தவர்க்கெல்லாம் பயன்படுகிறது. குடிபெயர்ந்து வந்தோரின் வாழ்வும் அவ்வூற்றுநீரைப் போல அமைதல் நன்று.